எல்லாம் காகிதம்தானே, ஏன் மூன்று விலை?

கேள்வி: பிள்ளைகளின் பழைய நோட்டுகள், செய்தித்தாள், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பிரித்துப் போட்டு மூன்று விலை சொன்னார். மிச்சத்தை ‘ஆகாது’ என்று ஒதுக்கிவிட்டார். எல்லாம் காகிதம்தானே? ஸ்டேப்ளர் பின்னையெல்லாம் பிடுங்கித் தர வேண்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கடைக்காரர் செய்தது சரிதான். காகிதத்துக்கு மதிப்பு அதிலுள்ள நாரால் வருகிறது. நோட்டுத் தாள், மரநாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்கி வெளுத்த நார். செய்தித்தாளில் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த நார்தான். லிக்னின் போகாததால் வெயில் பட்டதும் மஞ்சளாகிறது. அட்டைப்பெட்டி வெளுக்காத பழுப்பு நார். அது வெள்ளைக் கூழில் கலந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்புறம் அந்தக் கூழ் அட்டைக்குத்தான் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிக்கொண்டே வரும். ஐந்தாறு முறைக்குமேல் தாங்காது. நல்ல வெள்ளைத்தாளை முதல் சுற்றிலேயே அட்டையாக்குவது பெரிய நஷ்டம்.

பின்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆலையில் தாளைத் தண்ணீரோடு சுழற்றிக் கூழாக்கும்போது இரும்பு கனத்தால் தனியே பிரிந்துவிடும். மையும் போய்விடும்: சோப்பு சேர்த்த கூழுக்குள் காற்றைச் செலுத்தினால் மைத்துகள் குமிழிகளில் ஒட்டி நுரையாக மேலே வரும், வழித்துவிடுவார்கள். கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் கரூர் காகிதபுரம் ஆலையிலும் இப்படி மை நீக்கும் பிரிவு இருக்கிறது.

உண்மையான தொல்லை செல்லோ டேப்பும் பசையும்தான். சூட்டில் இளகிச் சல்லடையைத் தாண்டிவிடும். உருளைகளில் ஒட்டி, ஓடுகிற காகிதத்தையே கிழிக்கும். டேப்பை உரித்துவிடுங்கள். நோட்டின் பிளாஸ்டிக் உறையையும் கழற்றுங்கள்.

எண்ணெய் இறங்கிய பஜ்ஜித் தாள், பிரியாணிப் பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் பூசிய டீ கப், ரசாயனப் பூச்சுள்ள ஏடிஎம் சீட்டு, கடை பில் எதுவும் பழைய தாள் மூட்டையில் சேரக் கூடாது. எண்ணெய் நாரை விட்டுச் சுலபமாகப் போகாது. ஒரே ஒரு சாம்பார் பொட்டலம் போதும், சுற்றியுள்ள நல்ல தாளும் ஊறிக் கெட்டுவிடும். பழைய தாளைக் கிடங்கில் உட்கார்ந்து கையால் பிரிப்பவர்களில் பலர் பெண்கள். சட்னி ஒழுகும் தாளை அவர்கள் கைக்கு அனுப்பாதீர்கள்.

வீட்டில் ஈரம் படாத இடத்தில் மூன்று சாக்கு வையுங்கள்: வெள்ளைக்கு ஒன்று, செய்தித்தாளுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. அடுத்த முறை விலையும் கூடுதலாகக் கேளுங்கள். பிரித்துக் கொடுத்த சரக்குக்கு அது நியாயமான கேள்வி.