மூச்சுக்காற்றும் முன்னெச்சரிக்கையும்

“கொரோனா போய் வெகுகாலம் ஆயிற்றே, இன்னும் எதற்கு முகக்கவசம்?” என்னும் கேள்வியை டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோரும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும் அடிக்கடி எதிர்கொள்கின்றனர். கேட்பவர் பெரும்பாலும் அன்புடையவரே: பக்கத்து வீட்டுக்காரர், சம்பந்தி, சில வேளைகளில் உடன்பிறந்தவர். அக்கேள்விக்கு மருத்துவ அறிவியல் தரும் விடையையும், அதனை அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

முடிந்தது எது?

உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று கோவிட்-19 நோயைப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. 2023 மே 5 அன்று அந்த அவசரநிலை முடிவுற்றதாகத் தெரிவித்தது. நோயின் அச்சுறுத்தல் அடியோடு நீங்கிவிடவில்லை என்பதையும் அப்போதே எடுத்துரைத்தது. தடுப்பூசியினாலும் முன்பு ஏற்பட்ட தொற்றினாலும் பெரும்பாலானோரின் உடல் இவ்வைரஸை எதிர்க்கப் பழகிக்கொண்டது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நிலை மாறியது. ஆனால் வைரஸ் இன்றும் மக்களிடையே உலவுகிறது. இன்புளூயன்சா போன்ற பிற சுவாச வைரஸ்களும் ஆண்டுதோறும் பரவுகின்றன.

2023 மார்ச்சில் எச்3என்2 இன்புளூயன்சா பரவியபோது தமிழ்நாட்டில் காய்ச்சல் முகாம்கள் நடத்தப்பட்டன. ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் முகக்கவசம் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. கடைவீதியில் தேவைப்படாத காவல் மருத்துவமனைக்குள் தேவைப்பட்டதற்குக் காரணம், நலிந்த உடல்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடும் இடம் அது என்பதே. அந்நோயாளர் வீடு திரும்பிய பின்னரும் அவருடைய உடலின் நலிவு அவருடனேயே செல்கிறது.

யாருக்கு ஆபத்து மிகுதி?

மாற்றுறுப்பு பெற்றவர்கள் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், மைகோபீனோலேட் போன்ற மருந்துகள், புதிய உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்கும்பொருட்டு நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. இதனால் தடுப்பூசி தரும் பாதுகாப்பும் இவர்களிடம் குறைவாகவே அமையும். கடுந்தொற்று ஏற்பட்டால் இம்மருந்துகளுள் சிலவற்றைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடலாம். அப்போது பெற்ற உறுப்புக்கே ஆபத்து நேரும். குடும்பத்தில் ஒருவர் ஈந்த சிறுநீரகம் ஒரு காய்ச்சலினால் பழுதுபடக்கூடும் என்பதை உறவினர் உணர்தல் நன்று.

புற்றுநோய் மருந்தேற்றத்தின்போது வெள்ளணுக்கள் குறைகின்றன. நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், கட்டுக்குள் வராத சர்க்கரை நோயுடையோர், முதியோர், கருவுற்ற மகளிர் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் பல்லாண்டுகள் பஞ்சுத் தூசியிடையே உழைத்து, நுரையீரல் நலிந்தவர்களையும் இவர்களோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

காற்று வைரஸைச் சுமக்கும் விதம்

பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து துளிகள் வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் விரைவில் தரையில் விழுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் காற்றில் மிதக்கின்றன. இதனைப் புரிந்துகொள்ள ஊதுபத்திப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த திண்ணையில் அப்புகை உடனே கலைந்துவிடும். சன்னல் சாத்திய அறையிலோ மூலைமுடுக்கெல்லாம் பரவி நெடுநேரம் நிற்கும். புகை தங்கும் இடத்தில் வைரஸும் தங்கும்.

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சௌ நகரில், சன்னலற்ற குளிரூட்டிய உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மேசைகளில் உணவருந்திய 3 குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அங்கே புதுக்காற்று போதிய அளவு உட்புகாததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். நம் வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்படும் ஏ.சி. இயந்திரங்களுள் பெரும்பாலானவை அறையின் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பவை. வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. குளிர்ந்த அறை தூய காற்றுள்ள அறை என்று எண்ணிவிடலாகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டி, பொது இடங்களில் ஒருவருக்கு நொடிக்குக் குறைந்தது 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. வீட்டில் இதனை அளக்க வேண்டுவதில்லை. எதிரெதிரே உள்ள இரு சன்னல்களைத் திறந்து வையுங்கள். சமையலறையில் காற்றை வெளித்தள்ளும் விசிறி இருந்தால் அதனையும் ஓடவிடுங்கள்.

முகக்கவசம்

துணிக் கவசம் நுண்துகள்களை ஓரளவே தடுக்கும். அறுவைசிகிச்சைக் கவசம் அதனினும் மேலானது. எனினும் கன்னத்தின் பக்கவாட்டில் இடைவெளி விடும். என்95 கவசத்தின் வடிபொருள் நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கவல்லது. முகத்தோடு படிந்திருந்தால் மட்டுமே அப்பயன் கிட்டும். மூக்கின்மேல் உள்ள கம்பியை அழுத்திப் பொருத்துங்கள். மூச்சை வெளிவிடும்போது கண்பக்கம் காற்று கசிகிறதா என்று பாருங்கள். அடர்ந்த தாடி இருப்பின் கவசம் படியாது. முன்புறம் வால்வு உள்ள கவசம் அணிபவரைக் காக்கும். அவருக்குத் தொற்று இருந்தால் பிறரை முழுமையாகக் காக்காது. ஆதலால் பராமரிப்போர் வால்வு இல்லாததையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளியில் செல்லும்போது

திருமணத்தையும் துக்கத்தையும் முற்றிலும் தவிர்க்க இயலாது. கூட்டம் கூடுமுன் சென்று, வாசலையோ சன்னலையோ ஒட்டி அமர்ந்து, மொய் எழுதி, மணமக்களை வாழ்த்தித் திரும்பிவிடலாம். உண்ணும்போது கவசத்தைக் கழற்ற வேண்டியிருப்பதால் நெருக்கமான பந்தியே ஆபத்து மிக்க இடம். உணவைக் கட்டித் தரச் சொல்லுங்கள். பிரியாணிக் கடையின் குளிரூட்டிய அறைக்கும் இதுவே பொருந்தும்.

மதுரைக்கோ பிற ஊருக்கோ சிகிச்சைக்காகச் செல்வோர், சன்னல் திறக்கும் பேருந்தில் சன்னலோர இருக்கையைத் தேர்க. ஏ.சி. பேருந்தாயின் இறங்கும்வரை கவசத்தைக் கழற்ற வேண்டாம். தைப்பூசக் காலத்தில் பழனிக்கு நடந்து செல்வோருக்கு, திறந்த சாலையைக் காட்டிலும் இரவில் பலர் நெருங்கி உறங்கும் மூடிய மண்டபமே கவனத்திற்குரியது.

வேண்டாதவற்றை விட்டுவிடுவதும் அறிவுடைமையே. காய்கறிகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், தபால் உறைகளில் கிருமிநாசினி தெளிப்பதும் தேவையில்லை. நெரிசலற்ற வெளியில் கவசமின்றி நடக்கலாம். தனிமையும் உடலையும் உள்ளத்தையும் வாட்டும். ஆதலால் உறவினரை மாலை வேளையில் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ சந்தியுங்கள்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே கோவிட் தொற்றைப் பரப்பக்கூடும். ஆகையால் காய்ச்சல் கண்டவுடன் அவரைக் காற்றோட்டமுள்ள தனியறையில் இருக்கச் செய்து, வீட்டிலுள்ள அனைவரும் கவசம் அணியுங்கள். உடல் நலிந்தவர் அவருக்குப் பணிவிடை செய்யலாகாது.

நலிந்தவருக்கே அறிகுறி தென்பட்டால் முதல் நாளிலேயே மருத்துவரை அழையுங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் தொடக்கத்தில் அளித்தால்தான் நன்கு பயன்படும். அவற்றுள் சில, டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவை இரத்தத்தில் ஆபத்தான நிலைக்கு உயர்த்திவிடும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைத் தவறாமல் காட்டுங்கள். மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு வாங்கி உட்கொள்ளக் கூடாது. ஆக்சிமீட்டரில் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சுத் திணறல் இருந்தாலோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 உள்ளது.

உறவினரிடம் சொல்லும் முறை

நீண்ட விளக்கம் வாதத்தில் முடியும். காரணத்தையும் உங்கள் முடிவையும் சுருக்கமாகச் சொன்னால் போதும்: “மாமா, நான் சாப்பிடும் மருந்தினால் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கிறது. முகூர்த்தத்துக்குக் கட்டாயம் வருகிறேன். பந்திக்கு மட்டும் இருக்க முடியாது, தப்பாக நினைக்காதீர்கள்.” நோயாளர் இதைத் தம் வாயால் சொல்லத் தயங்குவர். உடன் வருபவர் முந்திக்கொண்டு சொன்னால் அவருடைய சுமை பாதியாகும். பராமரிப்பவரும் அவரோடு கவசம் அணிந்தால், கூட்டத்தில் அவர் தனித்து நிற்கமாட்டார்.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்டு, விடைகளைச் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: என் உடல்நிலையில் எத்தகைய முன்னெச்சரிக்கை எவ்வளவு காலம் தேவை? நான் போட்டுக்கொள்ள வேண்டிய தடுப்பூசிகள் எவை, எப்போது? காய்ச்சல் வந்தால் முதலில் யாரை, எந்த எண்ணில் அழைப்பது?