மெழுகுவர்த்தியைக் கொண்டு பேசியவர்

சென்ற ஆண்டு நமது பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் நாங்கள் நால்வர் தண்ணீரைத் தூய்மை செய்யும் மாதிரி ஒன்றை வைத்திருந்தோம். மணல், கூழாங்கல், அடுப்புக்கரி ஆகியவற்றை அடுக்கி, இரண்டு பக்க விளக்கத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தோம். பெற்றோர் பலர் வந்தனர், ஒப்பித்தோம், பாராட்டிச் சென்றனர். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் நகராமல் நின்று, "அக்கா, அந்த மணலிலேயே அழுக்கு இருக்காதா?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு என்ன செய்தோம் தெரியுமா? முதல் வரியிலிருந்து மறுபடியும் ஒப்பித்தோம்! மணலைப் பலமுறை கழுவித்தான் போட்டிருந்தோம். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

அறிவியல் சிஸ்டர் எங்களைக் கோபிக்கவில்லை. மைக்கேல் ஃபாரடேயைப் பற்றிப் படித்து வரச் சொன்னார்கள்.

ஃபாரடே 1791ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கொல்லருடைய மகனாகப் பிறந்தார். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்தார். 1812இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தாமே அதைப் புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

அங்கே அவர் பேசுகிறவர்களை மட்டுமன்றிக் கேட்கிறவர்களையும் கவனித்தார். 1813இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில், சொற்பொழிவு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகலாகாது என்கிறார். (இலக்கிய மன்றக் கூட்டங்களில் இதை நினைத்துக்கொள்வோர் எங்கள் வகுப்பில் பலர்!) பேச்சுக் கலை ஆசிரியர் ஒருவரிடம் பாடமும் கேட்டார். புகழ் பெற்ற பின்னும், 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தம் முன் வைத்துக்கொண்டே பேசினார். அவர் அதை மறந்து வேகமெடுத்தால், உதவியாளர் அந்த அட்டையைக் கண்ணெதிரே வைப்பாராம். மின்னியற்றியின் அடிப்படையைக் கண்டுபிடித்தவருக்கே அட்டை தேவைப்பட்டது என்றறிந்தபோது எங்களுக்குப் பாதி வெட்கம் போயிற்று.

இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் அங்கு 1825இல் தொடங்கின. 1848இலும், மீண்டும் 1860ஆம் ஆண்டு இறுதியிலும் ஃபாரடே எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. ஆறு சொற்பொழிவுகளுக்கும் அந்த ஒரே மெழுகுவர்த்தி! அதன் வரலாற்றை ஒரு கதைபோலச் சொன்னார். உருகிய மெழுகு கீழிருக்க, தீ மேலிருக்கிறதே, எப்படி ஏறுகிறது? விளிம்பு உருகாமல் கிண்ணம்போல் நிற்பது ஏன்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை. அணைத்ததும் எழும் வெண்புகையில், திரிக்கு இரண்டங்குலம் தள்ளித் தீயைக் காட்டினால், தீ புகை வழியே ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்?

இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய வழியன்று. எங்களுள் ஒருத்தியின் தாயார் அரசு மருத்துவமனையில் நர்ஸ். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுக்கும்போது, "ஒரு லிட்டரில் கலக்குங்கள்" என்பதோடு விடுவதில்லையாம். "உங்கள் வீட்டில் எந்தச் சொம்பில் தண்ணீர் மொள்வீர்கள்?" என்று முதலில் கேட்பாராம். சிறிய சொம்பு என்றால், எத்தனை சொம்பு ஒரு லிட்டர் என்று அளந்தே காட்டிவிடுவார். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும் அல்லவா?

இவ்வாண்டு நாங்கள் ஆறாம் வகுப்புத் தங்கைகளிடம் மெழுகுவர்த்தியுடன் போனோம். மூன்று நாள் ஆய்வகத்தில் செய்து பார்த்தபின்தான் போனோம். பனிக்கட்டி நிரப்பிய எவர்சில்வர் டம்ளரைச் சுடருக்கு மேலே பிடித்து, அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர் துளிர்ப்பதைக் காட்டினோம். உடனே ஒருத்தி எழுந்தாள். "அக்கா, எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது என்றால், அது ஏன் நெருப்பை அணைக்கவில்லை?"

இம்முறை நாங்கள் ஒப்பிக்கவில்லை. "தெரியவில்லை, நாளை சொல்கிறோம்" என்றோம். அன்று மாலை சிஸ்டருடன் அமர்ந்து படித்தோம். தண்ணீர் ஆவியாகவே பிறந்து, சூடான காற்றோடு மேலே போய்விடுகிறது. குளிர்ந்த டம்ளரில் பட்டால்தான் துளியாகிறது. மறுநாள் இதைச் சொல்லப் போனபோது, அவள் தன் வீட்டு அகல்விளக்குடன் வாசலிலேயே காத்திருந்தாள்.