கொல்லையில் நிற்கும் 407: இன்ஜினில் கை வைக்கும் முன்

வேப்பமரத்தடியில் வருடக்கணக்கில் நிற்கிற டாடா 407-ஐ மறுபடி ஓட வைக்க முடியும். அதிலுள்ள 497 டீசல் இன்ஜின் நான்கு சிலிண்டர், 97 மி.மீ. போர், ஏறக்குறைய 3 லிட்டர். எளிமையான கட்டு, நம்மூர் லேத் பட்டறைகளுக்குப் பழகிய கட்டு. ஆனால் சும்மா நின்று கெட்ட இன்ஜினைவிட, அவசரப்பட்டு எழுப்பப் போய்க் கெடுத்த இன்ஜின்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ராடு வளைந்து பணம் போனவர்கள் உண்டு, விரல் நசுங்கியவர்களும் உண்டு. ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். எலி கடித்த ஒயர் சேஸில் உரசினால் தீப்பொறி பறக்கும். பக்கத்திலேயே டீசல் இருக்கிறது.

2. நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிய பிறகே கிராங்கைச் சுற்றுங்கள். சைலன்சர் வழியாக மழைத்தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, ராடுதான் வளையும்.

3. ஜாம் ஆகியிருந்தால் ஊற விடுங்கள். டீசலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் கலந்து இன்ஜெக்டர் துளையில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து கிராங்க் நட்டில் நீளக் கம்பி போட்டு முன்னும் பின்னுமாக அசையுங்கள். துரு மெதுவாகத்தான் விடும்.

4. ஒவ்வொரு பைப்பையும் ஒயரையும் பிரிக்கும் முன் போட்டோ எடுத்து, நம்பர் எழுதிய சீட்டு கட்டுங்கள். மாட்டும்போது எது எங்கே என்பது நிச்சயம் மறந்திருக்கும்.

5. இன்ஜினைத் தூக்க, ஒரு டன் தாங்கும் செயின் பிளாக்கையும் இரும்பு முக்காலியையும் வாடகைக்கு எடுங்கள். கால் டன் எடை ஆடும்போது தாங்க வேண்டிய பாரம் இன்னும் கூடும்.

6. கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக் கொடுத்துவிட்டு இன்ஜினைப் பிரியுங்கள். பாரம் கிளட்ச் பிளேட்டில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும்.

7. மெயின் கேப்பிலும் ராடு கேப்பிலும் உள்ள நம்பரைத் துடைத்துப் பாருங்கள். கறுப்புப் பிசினுக்கு அடியில் சின்னதாகத்தான் இருக்கும். இல்லையென்றால் கேப்பிலும் ராடிலும் ஒரே பக்கத்தில், முதல் ராடுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு என்று பஞ்சால் லேசாகத் தட்டுங்கள். கேப்பும் ராடும் ஜோடியாகக் கடைந்தவை. மாற்றிப் போட்டால் கிராங்க் பிடித்துக்கொள்ளும்.

8. கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே பேரிங் வாங்குங்கள். கிரைண்டிங் போனால் 0.25, 0.50 மி.மீ. என்று அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வேண்டும்.

9. லேத்திலிருந்து வந்த பிளாக்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆயில் துளைகளைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, காயவைத்து, உடனே ஆயில் பூசுங்கள். ஹோனிங் தூள் டீசலில் கழுவினால் போகாது. மிச்சமிருந்தால் புது ரிங்கைத் தின்றுவிடும்.

10. ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள வரிசைப்படி நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக முறுக்குங்கள். ஒரே மூச்சில் முறுக்கினால் கேஸ்கட் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்.

11. டீசல் பம்பை டெஸ்ட் பெஞ்சுக்குக் கொடுங்கள். நாள்பட்ட டீசல் பிசினாகி உள்ளே ரேக்கைப் பிடித்திருக்கும். திரும்பி வந்ததும் ஸ்டாப் லீவரை விரலால் தள்ளிப் பாருங்கள்; தங்குதடையின்றிப் போய், விட்டதும் படக்கென்று திரும்ப வேண்டும். ரேக் மாட்டிக்கொண்டால் ஸ்டார்ட் ஆன நொடியில் இன்ஜின் தறிகெட்டு ஓடும்.

12. முதல் ஸ்டார்ட்டுக்கு முன், ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறுகிறதா பாருங்கள். காய்ந்த பேரிங் முதல் நிமிடத்திலேயே கீறிவிடும்.

செய்யக்கூடாதவை

1. ஜாமான இன்ஜினை ஸ்டார்டர் அடித்தோ, டிராக்டரில் கட்டி இழுத்தோ விடுவிக்காதீர்கள். ரிங் உடையும், லைனர் கீறும்.

2. வீட்டு உத்தரத்திலோ மரக்கிளையிலோ செயின் பிளாக்கைத் தொங்கவிடாதீர்கள். பார்வைக்குத் தடிமனான கிளை உள்ளே உளுத்திருக்கும்.

3. தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையையோ காலையோ நீட்டாதீர்கள். இறக்கி உட்காரவைக்கும்போது போல்ட் துளை நேராக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. கம்பி விட்டுப் பாருங்கள்.

4. கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

5. பெட்ரோலில் பாகங்களைக் கழுவாதீர்கள். அதன் ஆவி தரையோடு பரவிச் சமையலறை அடுப்பு வரை போகும்.

6. பழைய ஹெட் கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை அமுங்கியது மறுபடி சரியாக உட்காராது.

7. ஆயில் சம்பில் கேஸ்கட் பேஸ்ட்டை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கும் துண்டு ஸ்ட்ரெயினரை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது.

8. பிஸ்டன் ரிங்குகளின் வாய்களை ஒரே நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். கம்பிரஷன் அந்த வழியாகவே இறங்கிவிடும்.

9. இன்ஜெக்டர் பீச்சுவதைக் கையால் சோதிக்காதீர்கள். 100 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைக்கும். காயம் ஊசி குத்தியதுபோலத் தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க நேரும்.

10. ஸ்டார்ட் ஆகவில்லை என்று பெட்ரோல் துணியை ஏர் பைப்பில் வைக்காதீர்கள். ரிங்கும் பிஸ்டனும் உடையும். டீசல் லைனில் ஏர் லாக் எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

11. தறிகெட்டு ஓடும் இன்ஜினின் காற்று வழியைக் கையால் அடைக்காதீர்கள். முதல் ஸ்டார்ட்டின்போதே தட்டையான பலகையுடன் ஒருவரை அங்கே நிறுத்துங்கள். சாவியை அணைத்தாலும் நிற்காத இன்ஜின், காற்று நின்றால் நிற்கும்.

12. பிளாக்கையே மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியதுதான். ஆர்.சி.யில் இல்லாத இன்ஜின் நம்பர் எஃப்.சி.யிலும் இன்ஷூரன்ஸிலும் உங்களை மாட்டிவிடும்.

இன்று செய்ய வேண்டிய வேலை முதல் பட்டியலின் முதல் மூன்று வரிகள் மட்டும்தான்: பேட்டரி, இன்ஜெக்டர், ஊறல். கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறதா என்று தெரிந்த பிறகு செயின் பிளாக்குக்குச் சொல்லுங்கள். உள்ளே அளந்து பார்த்த பிறகு மட்டும் பாகங்களுக்குப் பணம் கட்டுங்கள்.