தறிப் பட்டறையில் பிறந்த சுசுகி

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் 'ஜப்பான் வாகனம்' என்ற பேச்சுக்குத் தனி மதிப்பு. ஜப்பானில் செய்ததோ இந்தியாவில் செய்ததோ, சுசுகி வண்டியின் முகப்பில் அதே 'எஸ்' முத்திரைதான். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டி என்றால் ஒரு தலையசைப்பு, இந்தியாவிலிருந்து வந்தது என்றால் ஒரு முகச்சுளிப்பு. தமிழ்நாட்டில் கதையே வேறு. இங்கே அது வெறும் 'மாருதி'. சுசுகி என்பது இன்ஜின் கொடுத்த கம்பெனி, அவ்வளவுதான். இரண்டு எண்ணத்திலும் ஓட்டை உண்டு.

முதலில் பிறப்பைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள் செய்து பழகிய பிறகு காருக்கு வந்த கம்பெனி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1909இல் ஹமாமட்சு நகரில் மிச்சியோ சுசுகி தொடங்கியது ஒரு தறிப் பட்டறை. 1930களிலேயே அவருக்குக் கார் ஆசை வந்துவிட்டது. ஆஸ்டின் செவன் என்ற ஆங்கிலேயக் காரைப் பார்த்து மாதிரி வண்டிகள் உருவாயின. போர் குறுக்கே விழுந்தது. போருக்குப் பிறகு ஜவுளித் தொழில் படுத்தபோதுதான், 1952இல், சைக்கிளில் பொருத்தும் 36 சிசி இன்ஜின் வந்தது. மூன்றே ஆண்டில் 360 சிசி 'சுசுலைட்' கார் வெளிவந்துவிட்டது. டொயோட்டாவின் வேரும் தறிதான். அதன் மூதாதை சகிச்சி டொயோடா பிறந்த கொசாய், ஹமாமட்சுவுக்குப் பக்கத்து ஊர். இன்று அங்கே ஓடுவது சுசுகியின் கார் ஆலை!

'மாருதி நம்ம கம்பெனி' என்பது ஒரு காலத்தில் சரி. சஞ்சய் காந்தியின் பழைய நிறுவனம் படுத்த பிறகு, 1981இல் மத்திய அரசு மாருதி உத்யோகைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்த சுசுகிக்கு 26 சதவீதப் பங்குதான். 2002இல் அது பாதியைத் தாண்டியது. 2007இல் அரசு கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறியது. இன்ஜின் மட்டும் கொடுத்தார்கள் என்பதும் தவறு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, அடி முதல் முடி வரை சுசுகியின் ஆல்ட்டோ. அதன் அடுத்த தலைமுறை கராச்சியில் 'மெஹ்ரான்' என்ற பெயரில் 2019 வரை தயாரானது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடுத்தரக் குடும்பங்கள் ஒரே காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தன.

'இந்தியாவில் செய்ததை ஜப்பான்காரன் தொடுவானா?' தொட்டுவிட்டான். 2016இல் இந்தியாவில் செய்த பலேனோ ஜப்பானுக்குப் போனது. 2024இல் குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்திலிருந்து ஃப்ரான்க்ஸ் கப்பலேறியது. 2025 ஜனவரி இறுதியில், இந்தியாவில் தயாராகும் ஐந்து கதவு ஜிம்னி 'நொமேட்' என்ற பெயரில் அங்கே அறிமுகமானது. மாதம் 1,200 வண்டி விற்கலாம் என்பது கம்பெனியின் கணக்கு. நான்கே நாளில் சுமார் 50,000 முன்பதிவுகள் குவிய, பதிவையே நிறுத்தி வைத்தார்கள்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஆனால் காரணம் மண் அல்ல, சட்டமும் சந்தையும்தான். ஜப்பானின் வாகன்-ஆர் 'கெய்' வகை. இன்ஜின் 660 சிசியையும், நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள விதி. இந்திய வாகன்-ஆருக்கு அந்தக் கட்டு கிடையாது. ஒரு லிட்டர், 1.2 லிட்டர் இன்ஜின், கூடுதல் அகலம். பெயர் ஒன்று, வண்டி இரண்டு. ஒன்றை மற்றொன்றின் மட்டமான நகல் என்பது அபத்தம்.

ஆனால் சந்தேகப்பட்டவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத இந்திய ஸ்விஃப்ட் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. விலையைக் குறைக்க ஏர்பேக்கைக் கழற்றிய முடிவு அது. ஆலைத் தொழிலாளியின் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே சோதனையில் 2024இல் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

முத்திரையை நம்பினால் இன்னும் குழப்பம்தான். டொயோட்டா கிளான்ஸா உண்மையில் பலேனோ. மாருதியின் கிராண்ட் விட்டாரா கர்நாடகத்தின் பிடதியில், டொயோட்டா ஆலையில் தயாரானது. ஐரோப்பாவில் சுசுகி 'ஸ்வேஸ்' என்று விற்றது இங்கிலாந்தில் செய்த டொயோட்டா கொரோலா.

எங்கே செய்தது என்று தெரிய வேண்டுமானால் ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைப் பார்க்கலாம். 'ஜே' என்று தொடங்கினால் ஜப்பான், 'எம்.ஏ.' என்றால் இந்தியா, 'டி.எஸ்.எம்.' என்றால் ஹங்கேரியின் எஸ்டர்கோம் ஆலை. ஆனால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தையிலிருந்து வரும் ரீகண்டிஷன் வண்டியில் இந்த 17 இலக்கம் இருக்காது. 'எம்.எச்.55.எஸ்' போன்ற மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு வரிசை எண், அவ்வளவே. 'எம்' என்று தொடங்குகிறதே, இந்திய வண்டியோ என்று பயப்பட வேண்டியதில்லை. அது அசல் ஜப்பான் வாகன்-ஆர்.