மர ஊமத்தையை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

எக்காளம்போற் கவிழ்ந்து தொங்கும் பூக்களையுடைய மர ஊமத்தை மலைநாட்டில் அழகுக்காக வளர்க்கப்படும் செடியாகும். தென்னமெரிக்காவே இதன் பிறப்பிடம். அங்குள்ள காடுகளில் இது அழிந்துவிட்டதென 2014இல் மதிப்பிடப்பட்டது. மனிதர் நட்ட தடிகளாலேயே இன்று நிலைத்திருக்கின்றது.

தெல்தோட்டைக் கமக்காரர் ஒக்டோபர் மழையுடன் இதனை நடலாம். பெருவிரற் பருமனுள்ள முதிர்ந்த கிளையில் 20 சென்ரிமீற்றர் நீளத் துண்டொன்றைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. நுனியில் இரண்டு இலைகளை மாத்திரம் விட்டு, மணல் கலந்த மண்ணில், மூன்றிலொரு பங்கு புதையுமாறு நிழலில் நடுக. நீர் தேங்கினால் துண்டு அழுகும். ஏறக்குறைய மூன்று வாரங்களில் வேர்விடும். முதற் கவட்டுக்கு மேலே வெட்டிய துண்டு விரைவிற் பூக்கும். அடித்தண்டிலிருந்து எடுத்தது உயர்ந்து கவடுவிட்ட பின்னரே பூக்கும்.

தெல்தோட்டையில் உறைபனிக்கு அஞ்சவேண்டியதில்லை. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் இலைகள் கருகக்கூடும். அடிமரத்தை வைக்கோலால் மூடிவைத்தால் மீண்டும் துளிர்க்கும்.

ஆயினும், நடும் இடமே முக்கியம். இது தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண் ஈக்கும் தேமல் நோய்க்கும் இடங்கொடுக்கும். ஆகவே மரக்கறிப் பாத்தியருகே நடலாகாது. இதனை வெட்டிய கத்தியைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் தக்காளி நாற்றிற் பயன்படுத்தவும் வேண்டாம்.

இலை, பூ, விதை யாவும் கொடிய நஞ்சு. சாறு கண்ணிற் பட்டாற் கண்மணி விரியும். உண்டவர்க்கு வாய் வறண்டு அறிவு மயங்கும். அவரைச் செடித்துண்டுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வெட்டிய கிளைகளை ஆடுமாடு மேயுமிடத்தில் எறியலாகாது. சிறுவர் விளையாடும் முற்றத்தில் இச்செடி நின்றால், அழகைப் பாராது வேரோடு பிடுங்குக.