மேடையில் வளர்ந்த இசை

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ராக் இசை என்றதும் நீள முடியும் காதைப் பிளக்கும் சத்தமும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் அப்பா மைக் செட் வேலை செய்பவர். வில்லியனூர் தேர், மாசி மகம் என்று சின்ன வயதிலிருந்தே அவரோடு ஒயர் சுற்றப் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்த இசை நாயனமும் தவிலும்தான். பிறகு ஏன் ராக் குழுவைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

சென்ற பருவத்தில் வகுப்பில் செமினார் எடுத்தேன். தலைப்பு, டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர். ஆறு பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மறந்துபோச்சு. அவ்வளவுதான்! கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். 'நமக்கு இதெல்லாம் சரிப்படாது' என்றே அன்று நினைத்தேன். இரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நாயனக்காரரு எந்த நோட்டைப் பாத்துடா ஊதுறாரு?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கிடைத்தவைதான் கீழே உள்ள செய்திகள்.

மனோதர்மம் என்றால் என்ன?

எழுதி வைத்ததை வாசிக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதற்கு மனோதர்மம் என்று பெயர். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்துப் புகழ் பெற்றவர். ஆனால் தோன்றியதை எல்லாம் வாசிப்பது மனோதர்மம் ஆகாது. ராகத்துக்கு எல்லை உண்டு, தாளத்துக்குக் கணக்கு உண்டு. அந்த இரண்டும் விரலில் ஊறிய பிறகுதான் சுதந்திரம். நாயனம் ஒரு பக்கம் திரும்பினால் தவில் அதைக் கேட்டுப் பின்தொடர வேண்டும். இதையே கிட்டாரும் டிரம்ஸும் வைத்துச் செய்தால் அதுதான் மனோதர்ம ராக் இசை!

தில்லியில் ஒரு குழு

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் 'இண்டியன் ஓஷன்'. கிட்டார் வாசித்த சுஷ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தியும் 1990-இல் தில்லியில் தொடங்கினார்கள். பேஸ் கிட்டாருக்கு ராகுல் ராம் 1991-இலும், டிரம்ஸுக்கு அமித் கிலம் 1994-இலும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர் ராக் குழுக்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாட்டுகளையே திருப்பி வாசித்தன. இவர்களோ சேர்ந்து உட்கார்ந்து, வாசித்து வாசித்தே சொந்தப் பாட்டை உண்டாக்கினார்கள்.

முதல் தொகுப்பு 1993-இல் வெளிவந்தது. ஆனாலும் குழுவை வளர்த்தது மேடைதான். 1997 ஜனவரி 1 அன்று, நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவாக தில்லியில் நடந்த நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்து, அதையே 'டெசர்ட் ரெயின்' என்ற தொகுப்பாக வெளியிட்டார்கள். அழித்துத் திருத்த வழியில்லாத பதிவு அது! 2000-இல் 'கந்தீசா' வந்தது. அதில் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடலும் உண்டு, நர்மதை ஆற்றைப் பாடும் நாட்டுப்பாடலும் உண்டு.

2009 டிசம்பர் 25 அன்று அஷீம் காலமானார். 2013-இல் சுஷ்மித் சென் விலகினார். புதியவர்கள் சேர்ந்தார்கள். குழு நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் காது கொடுக்கும் பழக்கம் இருந்ததால்தான் இது முடிந்தது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் முன்னோடி

இந்த வழியில் முன்பே நடந்தவர்கள் அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' குழுவினர். 1965 முதல் 1995 வரை முப்பது ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள்! ஆனால் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டு ஒன்றே ஒன்று, அதுவும் 1987-இல்தான். ஒரு நாள் வாசித்ததுபோல் மறுநாள் வாசிக்க மாட்டார்கள். அதனால் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். கச்சேரியை டேப்பில் பதிவு செய்யவும் குழு தடுக்கவில்லை. 1984 முதல் பதிவு செய்வோருக்குத் தனி இடமே ஒதுக்கியது. அந்த டேப்புகள் கை மாறி மாறிப் புது ரசிகர்களைக் கொண்டுவந்தன.

நம் துறை மாணவர்களுக்கு ஒரு சுவையான செய்தி. 1974-இல் இவர்கள் சுமார் 600 ஸ்பீக்கர்களைச் சுவர்போல் அடுக்கித் தங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். தங்கள் வாசிப்பைத் தாங்களே தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக! ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் இருந்தால் 'கூ' என்று ஊளையிடும் அல்லவா? அதற்கு வழி கண்டார்கள். பாடகருக்கு இரண்டு மைக். இரண்டும் எதிரெதிர் துருவமாக இணைக்கப்பட்டவை. ஸ்பீக்கர் சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல் விழுவதால் ஒன்றையொன்று அடித்துப்போகும். பாடகர் ஒரு மைக்கில் மட்டும் பாடுவதால் அவர் குரல் மட்டும் தங்கும். செலவும் சுமையும் தாங்காமல் அதே ஆண்டில் அந்த அமைப்பைக் கைவிட்டார்கள். பாடம் மட்டும் நிலைத்தது.

எனக்குக் கிடைத்த பாடம்

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டுக்கும் பொதுவானதை நீக்கு, வேறுபாட்டை மட்டும் பெருக்கு... நான் மனப்பாடம் செய்து மறந்துபோன பாடம் இதுதானே! அப்பா மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்காதே என்று என்னைத் திட்டியதும் இதற்காகத்தானே!

ஆசிரியரிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். இந்த முறை தாள் எடுத்துப் போகவில்லை. ஒரு ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் பலகையில் வரைந்துவிட்டுப் பேசினேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன், ஆனால் நிற்கவில்லை. நண்பர்கள் கேள்வி கேட்டபோதுதான் பேச்சு இன்னும் நன்றாக வந்தது.

நண்பர்களே, பயிற்சி இல்லாமல் மனோதர்மம் இல்லை. மனப்பாடம் மட்டும் பயிற்சி ஆகாது. ஜூன் 21-ஐ ஒட்டி நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் இசைத் திருநாள் நடக்கும்போது போய்ப் பாருங்கள். வாசிப்பவரின் கையை மட்டுமல்ல, அவர் பக்கத்தில் இருப்பவரை எப்படிக் கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். அங்கேயும் நமக்கொரு வகுப்பு நடக்கிறது!