இடுக்கி முனையில் ஒரு கிண்ணம்

அன்பு மகளுக்கு,

ராக்கு மண்பாண்டம் பழகப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். மண்ணைத் தொடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள். இந்தப் பெயரில் இரண்டு முறைகள் இருக்கின்றன.

மூத்தது ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் 16ஆம் நூற்றாண்டில் பிறந்தது. தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காகக் கிண்ணங்கள் செய்தவர் சோஜிரோ. 1574இல் அவர் செய்த சிங்க உருவக் கூரை ஓடு இன்னும் பாதுகாக்கப்படுகிறது. கிண்ணம் செய்ய அவர் சக்கரத்தைத் தொடவில்லை. மண்ணைத் தட்டையாக்கி, விளிம்பைக் கையால் எழுப்பி, சற்று இறுகியதும் கத்தியால் சீவி எடுப்பது அந்த முறை. கறுப்பு ராக்குவுக்கு காமோ ஆற்றுக் கல்லை அரைத்துப் பூசுவார்கள். பூச்சு சூளைக்குள் உருகி மின்னும்போதே கிண்ணத்தை இடுக்கியால் வெளியே எடுப்பார்கள். சட்டென்று ஆறுவதால்தான் அந்தக் கறுப்பு வருகிறது. சில கிண்ணங்களில் இடுக்கி பிடித்த தழும்பு அப்படியே தெரியும். அதை மறைக்காமல் விட்டார்களே, அங்கேதான் அந்த அழகு இருக்கிறது! சோஜிரோ தொடங்கிய மரபில் 16ஆம் தலைமுறை 2019இல் பொறுப்பேற்றது.

இளையது அமெரிக்காவில் உருவானது. 1911இல் டோக்கியோ விருந்தொன்றில், தான் வரைந்த பாண்டம் கண்ணெதிரே ராக்கு முறையில் சுடப்படுவதைப் பார்த்து மண்கலைக்கு வந்தவர் பெர்னார்ட் லீச். அவர் 1940இல் வெளியிட்ட நூலைப் படித்துவிட்டு, 1960இல் அமெரிக்கக் குயவர் பால் சோல்ட்னர் ராக்குவைத் தானே முயன்றார். சூடான பாண்டத்தை இலைக் குவியலில் போட்டார். புகை மண்ணுக்குள் இறங்கியது. இன்று பெரும்பாலான பயிற்சிக் கூடங்களில் கற்றுத் தருவது இதைத்தான்.

நீ பழகப்போவதும் அநேகமாக இதுதான். மண்ணிலிருந்து தொடங்கு. சுட்ட மண்தூள் தாராளமாகக் கலந்த களிமண்ணாகப் பார்த்து எடு. இல்லையென்றால் திடீர்ச் சூட்டையும் குளிர்ச்சியையும் தாங்காமல் வெடித்துவிடும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கட்டும். நன்றாகக் காயவைத்து ஒருமுறை சுட்ட பிறகே பூச்சு. அடிப்பகுதியைப் பூசாமல் விடு.

இரண்டாம் சூட்டில் வெப்பம் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். வெப்பமானியை மட்டும் நம்பாதே, பூச்சைப் பார். முதலில் கொப்பளிக்கும், பிறகு அடங்கி, நனைந்ததுபோல் பளபளக்கும். அப்போது எடுத்து, மரத்தூள் போட்ட இரும்புத் தொட்டியில் வைத்து உடனே மூடிவிட வேண்டும். உள்ளே எரியும் தீ, காற்று போதாமல் பூச்சிலிருக்கும் செப்பு ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். செம்பின் உலோகச் சிவப்பு அப்படித்தான் வருகிறது. மூடியைச் சீக்கிரம் திறந்தால் காற்றுப் பட்டு பச்சையும் நீலமுமாக மாறும். வெள்ளைப் பூச்சில் நடப்பது வேறு: ஆறும்போது அது மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி விரிசல் விடும், அந்தக் கோடுகளில் கரி படியும்.

திறந்தவெளியில் மட்டும் செய். நைலான் துணி வேண்டாம். பருத்தி உடை, நீண்ட தோல் கையுறை, முகக் கவசம் போட்டுக்கொள். இப்படிச் சுட்ட பாண்டம் நீரை உறிஞ்சும். அதில் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது.

எல்லோரும் செம்பு மினுக்குக்கு ஆசைப்படுவார்கள். அது ஆண்டுகள் போகப்போக மங்கும். நீ வெள்ளை விரிசல் பூச்சிலேயே தொடங்கு. புகை எங்கே எவ்வளவு இறங்கியது என்பதை அதில்தான் தெளிவாகப் படிக்கலாம். அடுத்த சூளைக்கு எதை மாற்றுவது என்று உனக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
சித்தி